புரட்டாசியில் தினமும் குளித்த நாய்

எங்கள் வீட்டில் இப்போது நாய் இல்லை. அவனை அனுப்பிவிடலாம் என்ற வார்த்தையை முதலில் சொன்னவள் நான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். யாரிடமாவது வாயால் சொல்லும்போது வேறெங்கோ தொடங்கிவிடுகிறேன். மாமியார் மேல் கொஞ்சம், மழை மேல் கொஞ்சம், புரட்டாசி மேல் கொஞ்சம் ஏற்றிவைத்து, கடைசியில் என் பங்கு ஒரு கைப்பிடிகூட மிஞ்சாதபடி செய்துவிடுவேன்.

கல்யாணமாகி மூன்றாவது வருடம் வந்தவன் அவன். அப்போது எங்களுக்குக் குழந்தை இல்லை. என் கணவர் அலுவலக நண்பர் வீட்டிலிருந்து ஒரு பழைய துண்டில் சுற்றி எடுத்து வந்தார். பொமரேனியன் கலப்பு; வெள்ளை முடி, இரண்டு விரல் நுழைத்தால் மறைந்துபோகும் அளவுக்கு அடர்த்தி. ஊரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், "பிள்ளைக்குப் பதிலா இதா?" என்று சிரித்தபடி கேட்டுவிட்டு, நான் கொடுத்த காபியையும் குடித்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் மகள் பிறந்தாள். அவள் தவழ ஆரம்பித்ததிலிருந்து மதியத் தூக்கம் அவன் வயிற்றின் மேல்தான். நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய் அவள் மூக்கில் முடி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஒருநாளும் ஏறியதில்லை. ஆனாலும் போய்ப் பார்ப்பேன்.

ஸ்ரீரங்கத்தில் இரண்டாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு எங்களுடையது. மகள் பிறந்த பிறகு மாமியார் மருங்காபுரியிலிருந்து எங்களோடு இருக்க வந்தார். வந்த அன்றே பூஜை அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, கீழே படுத்திருந்த நாயையும் பார்த்தார்.

"இது இங்கயேதான் படுக்குமா?"

"வீடு முழுக்கப் படுக்கும்மா. ஆனா சுத்தமா இருக்கும்" என்றார் என் கணவர்.

"சுத்தமா இருந்தா சரி. பெருமாள் ஊருக்கு வந்திருக்கேன், விளக்கேத்துற இடத்துல மயிர் கிடக்கக் கூடாது."

அவ்வளவுதான் பேச்சு. அவர் மறந்துகூடப் போயிருப்பார். எனக்கு அது வீட்டின் சட்டமாகிவிட்டது: அவன் சுத்தமாக இருக்கும்வரை இந்த வீட்டில் இருக்கலாம். சுத்தமாக வைத்திருக்க வேண்டியவள் நான். என் கணவர் கொண்டு வந்த நாய்தான். ஆனால் அவன் வாசனை வந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது என்னை.

அதுவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் மொட்டைமாடிக் குழாயடியில் குளிப்பாட்டுவோம். கணவர் பிடித்துக்கொள்வார், நான் தேய்ப்பேன். உதறும்போது இருவரும் நனைவோம். பிறகு வெயிலில் அரைமணி நேரம் அவன் மாடியைச் சுற்றி ஓடுவான், எட்டிப் பார்த்தால் கோபுரம் தெரியும், சிரித்துக்கொண்டு நிற்போம். குளிப்பாட்டுவது அப்போது ஒரு வேலையாகவே தோன்றியதில்லை.

போன புரட்டாசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாமியார் சமையலறை வாசலில் நின்று சொன்னார். "மாசம் பொறக்கப் போவுது. கறி, மீன், முட்டை எதுவும் வேண்டாம். மூணாவது சனிக்கிழமை தளிகை போடணும், சித்தப்பா வீட்டுலேர்ந்தும் வருவாங்க. வீட்டை சுத்தபத்தமா வச்சுக்கணும். நாயையும் பாத்துக்கம்மா."

"சரிங்க அத்தை" என்றேன்.

புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாளுக்குப் படையலிட்டு மாவிளக்கு ஏற்றுவதைத்தான் தளிகை என்பார்கள். மருங்காபுரியில் என் கணவரின் சித்தப்பா வீட்டில் வருடந்தோறும் நடந்தது, முதல்முறையாக எங்கள் வீட்டில் நடக்கப் போகிறது. படையல் பலகையில் ஒரு வெள்ளை முடி ஒட்டியிருந்தால்? சித்தப்பா மனைவி அதைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் காட்டினால்? அந்த ஒரு முடியில் அவன் வெளியே போவான் என்று எனக்குத் தோன்றியது.

புரட்டாசி முதல் தேதியிலிருந்து தினமும் குளிப்பாட்டினேன்.

காலை ஐந்தரைக்கு, மகள் எழுவதற்கு முன்னால், மாமியார் விளக்கேற்றுவதற்கு முன்னால். மொட்டைமாடிக்குப் போய்வர நேரமில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாளியில் வெந்நீர் விளாவி, அவனை இரண்டு முழங்காலுக்கு நடுவே நிறுத்திக்கொள்வேன். முதலில் நாய் ஷாம்புதான் போட்டேன். தினமும் ஷாம்பு போட்டால் தோல் கெட்டுவிடும் என்று நானே யோசித்து, நான்காம் நாள் மகளின் குளியல் பொடிக்கு மாறினேன். பயத்தம்பருப்பு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, கஸ்தூரி மஞ்சள் எல்லாம் மலைக்கோட்டைக் கடைத்தெருவில் வாங்கி அரைத்து வைத்தது. குழந்தைக்கு ஆகிறதே, நாய்க்கு ஆகாதா என்று நினைத்தேன். குழந்தை உடம்பில் முடி இல்லை என்பது நினைவுக்கு வரவில்லை. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அந்த மாவு அடிமுடியில் கொஞ்சம் தங்கிவிடும். ஒரே வாரத்தில் அவன் வெளிர் மஞ்சளாகிவிட்டான்.

கீழ்வீட்டு அக்கா படிக்கட்டில் பார்த்துவிட்டுக் கேட்டார். "என்னங்க, நாய்க்கு மஞ்சள் நீராட்டா? சொல்லவே இல்ல. சீர் எடுத்துட்டு வந்திருப்போம்ல."

நானும் சிரித்தேன்.

முட்டையையும் நிறுத்தினேன். தயிர்சாதம், பருப்புசாதம். "நாய்க்குமா புரட்டாசி?" என்று கணவர் கேட்டார். "ஸ்ரீரங்கத்து நாய்னா சும்மாவா" என்று மாமியார் சொன்னார், அவருக்கும் சிரிப்பு வந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து தன் தட்டிலிருந்து ஒரு அப்பளத் துண்டை உடைத்துப் போட்டார். அதையெல்லாம் அப்போது நான் பார்த்தேன். பார்த்தும், அவர் நாயை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று புரிந்துகொள்ளவில்லை. இப்போது சுத்தமாக இருப்பதால்தான் பக்கத்தில் விடுகிறார், ஆகவே விடாமல் செய்ய வேண்டும் என்று புரிந்துகொண்டேன்.

அந்த மாதம் மாலையில் மழை பிடித்துக்கொண்டது. காலையில் வெயில் இருந்தாலும் எங்கள் பால்கனிக்கு வராது. துண்டால் துடைப்பேன். மேல்முடி காய்ந்துவிடும், உள்ளே விரலை விட்டால் ஈரம் சில்லென்று இருக்கும். தலைமுடி காயவைக்கும் கருவியைப் போட்டால் அந்தச் சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் போய்விடுவான். மகள் எழுந்துவிடுவாள் என்று நானும் அணைத்துவிடுவேன். அவன் காய்வதற்குள் மறுநாள் ஐந்தரை வந்துவிடும்.

நான் நுண்ணுயிரியல் படித்தவள். இதை எழுதக் கை கூசுகிறது. ஈரமும் சூடும் ஊட்டமும் சேர்ந்தால் பூஞ்சை வளரும் என்று தேர்வில் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். கண்ணாடித் தட்டில் அதைத்தான் வளர்த்தோம். வீட்டில், என் முழங்கால்களுக்கு நடுவே, பயத்தமாவு போட்டு அதையே வளர்த்துக்கொண்டிருந்தேன். படித்த படிப்பு எந்த வாசலோடு நின்றுபோனதோ தெரியவில்லை.

தளிகை நன்றாகவே நடந்தது. சித்தப்பா வீட்டார் வந்தார்கள், மாவிளக்கு ஏற்றினோம், எங்கும் ஒரு முடிகூட இல்லை. சித்தப்பா மனைவி, "நாய் இருக்குற வீடு மாதிரியே இல்லையே" என்றார். மாமியார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அன்று பகல் முழுவதும் அந்தத் தலையசைப்பின் மேல் நடந்துகொண்டிருந்தேன். சமையலறை மூலையில் அவன் பின்காலால் காதுக்குக் கீழே சொறிந்துகொண்டே இருந்தான். சொறிகிறான் என்று தெரிந்தது. வந்தவர்கள் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அவன் கழுத்துப்பட்டையை அவிழ்த்துப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றி முடி கொட்டி, வட்டமாகச் சிவந்து, ஓரத்தில் செதில் செதிலாக இருந்தது. முன்காலுக்கடியில் இன்னொன்று. அழுக்கு என்று நினைத்து, அன்றும் குளிப்பாட்டினேன். மூன்று நாள் கழித்து மகளுக்குச் சட்டை மாட்டும்போது அவள் இடது முழங்கைக்குக் கீழே அதே வட்டத்தைப் பார்த்தேன். அதே ஓரம். சின்னதாக.

குழந்தை மருத்துவர் பார்த்தவுடன், "படர்தாமரைதான், பயப்படாதீங்க" என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். "வீட்ல நாய் பூனை இருக்கா? அதுக்கும் பாத்துடுங்க, இல்லேன்னா மாறி மாறி வந்துட்டே இருக்கும்."

அன்று மாலையே பாலம் தாண்டி தில்லைநகரில் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனோம். கணவர் அவனை மேசை மேல் தூக்கி வைத்தார். மருத்துவர் முடியை விலக்கி விலக்கிப் பார்த்தார், விரலை முகர்ந்தார்.

"எத்தனை நாளுக்கு ஒருதரம் குளிப்பாட்டுறீங்க?"

"தினமும்" என்றேன்.

"என்னது? தினமுமா? நானே தினமும் குளிக்கிறதில்லைம்மா" என்றார். கணவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "என்ன போடுறீங்க?"

"குழந்தைக்குப் போடுற பொடி."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "யாரு சொன்னது உங்களுக்கு?"

அந்த நொடியில் மாமியார் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. கணவர் பக்கத்தில் நின்றார். வெளி மனிதரிடம் அவருடைய அம்மாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். பெரிய தியாகம் செய்வதுபோல், "யாரும் சொல்லலைங்க, நானாதான்" என்றேன். பொறுமையாக இருந்துவிட்டேன் என்று என்மேல் எனக்கே கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

மருத்துவர் முடியை ஒட்ட வெட்டச் சொன்னார், மாத்திரையும் மருந்தும் கொடுத்தார். "பத்து நாளைக்குத் தண்ணியே காட்டாதீங்க. காயட்டும். அப்புறம் நான் குடுக்குற ஷாம்பு, அதுவும் வாரத்துக்கு ஒருதரம். குணமாக அஞ்சாறு வாரம் ஆகும். அதுவரைக்கும் பாப்பாவைக் கொஞ்சம் தள்ளி வைங்க, போதும்."

தள்ளி வைங்க, போதும். அந்தப் 'போதும்' என் காதில் விழவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஐந்தாறு வாரம், ஐந்தாறு வாரம் என்றே ஓடியது. மகளுக்குத் தலையில் வந்தால்? முடி கொட்டினால்? எப்படித் தள்ளி வைப்பது, அவள் போய் அவன்மேல்தானே விழுவாள்? மாமியார் என்ன சொல்வார்? கணவர் அவர் பக்கம் பேசினால் எனக்குத் தாங்குமா?

வீட்டில் மூவரும் உட்கார்ந்தோம். மகள் மாமியார் மடியில் இருந்தாள், கையில் களிம்பு பளபளத்தது. மருத்துவர் சொன்னதைக் கணவர் சொன்னார். பிறகு யாரும் பேசவில்லை. அரை நிமிடம் இருக்குமா? அந்த மௌனத்தில் எல்லோரும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவர்கள் சொல்லி நான் கேட்பதைவிட நானே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றேன். "அங்க ஓடுறதுக்கு இடமிருக்கு."

கணவர் என்னையே பார்த்தார். "நெசமாத்தான் சொல்றியா?"

"பிள்ளைக்குமேல என்ன இருக்கு?"

மாமியார் மகளின் கையைத் திருப்பி ஒருதரம் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கார் சொல்லியிருந்தது. கணவர் மட்டும் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. அன்று காலை நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்புகிறோம், மருந்து வாடையும் அழுக்குமாக அனுப்பினால் என்ன நினைப்பார்கள்? குழந்தையை ஊருக்கு அனுப்பினால் தலைகுளிக்க வைத்து, நல்ல உடுப்புப் போட்டுத்தானே அனுப்புகிறோம்? பத்து நாள் தண்ணீர் காட்டக் கூடாது என்று சொல்லி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஐந்தரைக்கு எழுந்து குளியலறை விளக்கைப் போட்டேன். நான் கூப்பிடவில்லை. அவனாகவே எழுந்து வந்து, ஒட்ட வெட்டிய உடம்போடு என் முழங்கால்களுக்கு நடுவே வந்து நின்றான். புண்ணில் தண்ணீர் பட்டபோது தோல் துடித்தது. நகரவில்லை. மூன்று குவளை ஊற்றிய பிறகுதான் நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே உறைத்தது. நிறுத்தவில்லை. பாதியில் விட்டால் பொடி உடம்பிலேயே தங்கிவிடும் என்று முழுக்க அலசித்தான் விட்டேன்.

ஈரத்தோடு காரில் ஏறினான். சீட் நனையாமலிருக்க அடியில் ஒரு பழைய போர்வை விரித்தேன். கணவர், "ஏன் ஈரமா இருக்கான்?" என்று கேட்டார். "துடைச்சுவிட்டேங்க" என்றேன்.

மகளின் வட்டம் மூன்று வாரத்தில் மறைந்தது. கார்த்திகையில் ஒருநாள் காலை நான் சமையலறையில் இருந்தேன். மாமியார் கீரை ஆய்ந்துகொண்டே, "வீடு வெறிச்சுன்னு இருக்கு" என்றார்.

எனக்குள் ஏதோ அறுந்தது. "நீங்கதானே அத்தை தினமும் குளிப்பாட்டச் சொன்னீங்க?"

அவர் கீரையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நானா? நான் எப்ப தினமும்னு சொன்னேன்? ஆட்டுக்கு மாட்டுக்கே பொங்கலுக்குப் பொங்கல்தான் எங்க ஊர்ல. நீ விடிகாலைல கதவைச் சாத்திக்கிட்டு அதைத் தேச்சுத் தேச்சுக் கழுவுவ. படிச்ச பொண்ணு, ஏதோ முறைபோலன்னு நெனச்சேன்."

"சுத்தமா இருக்கணும்னு சொன்னீங்களே."

"சுத்தம்னா கூட்டித் துடைச்சா போறும்." பிறகு குரல் தணிந்தது. "அன்னிக்கு நீ அனுப்பிடலாம்னு சொன்னப்ப, பால்கனியில ஒரு மாசம் கட்டிப்போட்டா ஆகாதான்னு வாயில வந்துச்சு. பெத்தவ நீயே சொல்லும்போது நான் குறுக்க பேசினா, நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா என்னையில்ல சொல்லுவாங்க?"

அன்று முழுவதும் நினைவைத் துழாவினேன். சமையலறை வாசலில் அவர் நின்றது, 'பாத்துக்கம்மா' என்றது, எல்லாம் வந்தது. 'தினமும்' மட்டும் வரவில்லை. மருத்துவரிடம் அவருக்காகச் சொன்னதாக நினைத்த பொய், பொய்யே இல்லை. நானாகத்தான் செய்திருக்கிறேன். இரவு கணவரிடம் கேட்டேன், அன்று அவர் என்ன நினைத்தார் என்று. "நீ முடிவு பண்ணிட்டேன்னு நெனச்சேன்" என்றார். இவ்வளவு நல்லவர்கள் இருக்கும் வீட்டில் ஒரு நாய்க்கு இடமில்லாமல் போனது.

பொங்கல் விடுமுறையில் மருங்காபுரி போனோம். கார் நின்றதும் வேலியோரத்திலிருந்து ஓடி வந்தான். முடி முழுக்க வளர்ந்திருந்தது. செம்மண் ஏறி, வெள்ளை என்று சொல்ல முடியாத நிறம். நான் கீழே உட்கார்ந்து கழுத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். தோல் வழவழவென்று இருந்தது, ஒரு தழும்பில்லை. உள்முடி அடிவரை காய்ந்திருந்தது.

"என்ன சித்தப்பா போட்டீங்க?"

"ரெண்டு வாரம் நீங்க குடுத்த மாத்திரை. அப்புறம் வேப்பெண்ணெ. அதோட சரி."

"குளிப்பாட்டினீங்களா?"

"நாயையா?" சித்தப்பா தன் மனைவியைப் பார்த்தார், இருவரும் சிரித்தார்கள். "மழை பேஞ்சா நனையும், வெயிலடிச்சா காயும். அதுக்கு வேற ஆளு வச்சா குளிப்பாட்டுவாங்க?"

கிளம்பும்போது அவரே கேட்டார். "கூட்டிட்டுப் போறதுன்னா போங்கப்பா. இங்க பழகிட்டான்தான். இருந்தாலும் உங்க நாய்."

கணவர் என்னைப் பார்த்தார். மாமியார் பையின் வாரைச் சரிசெய்துகொண்டே என்னைப் பார்த்தார். எனக்கு அவன் வேண்டும். ஆனால் இந்தமுறை முதல் வார்த்தை என்னுடையதாக இருக்கக் கூடாது என்று உறுதியாக இருந்தேன். கூட்டிட்டுப் போகலாம் என்று வேறு யாராவது ஒருவர் சொல்லட்டும். என் கைக்கு மறுபடியும் அவனை ஒப்படைக்கலாம் என்று ஒருவராவது நினைக்கட்டும்.

"நீ என்ன சொல்ற?" என்றார் கணவர்.

"உங்க இஷ்டங்க."

"எனக்கென்ன, நீ சொல்றதுதான்."

"அத்தை?"

"பிள்ளைக்கு ஒண்ணும் வராம இருந்தாச் சரிம்மா."

சித்தப்பா மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி சரி, ஏறுங்க, வெயிலாவுது" என்று கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

அவன் வேலிவரை கூடவே வந்தான். தெருமுனைவரை ஓடி வருவான் என்று நினைத்துப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அங்கேயே நின்றான், பிறகு நிழலைத் தேடிப் போய்விட்டான்.

மணப்பாறை தாண்டும்போது மாமியார், "நாய் நல்லா தேறிடுச்சு" என்றார்.

"ஆமாங்க அத்தை" என்றேன்.